தனிமரம் உண்டா? மலேசியத் தமிழ் எழுத்தில் மரமும் அதன் சுற்றமும்

தனிமரம் தோப்பாகாது என்பது பழமொழி. ஒற்றுமையை வலியுறுத்தும் மேடைகளில் ஓயாது ஒலிக்கும் இப்பழமொழி, தனிமரம் என்ற ஒன்று உலகில் உண்டு என்பதை ஐயுறாமல் ஏற்றுக்கொள்கிறது. கோலாலம்பூரிலோ கிள்ளானிலோ பழைய சாலையோரத்தில் நிற்கும் தூங்குமூஞ்சி மரம் ஒன்றை அண்ணாந்து நோக்குவார்க்கு அவ்வெண்ணம் நிலைக்காது. கிளைக்கவட்டில் பறவைக்கூட்டின் வடிவில் பெரும்பெரணி அமர்ந்திருக்கும். கிளையின் மேற்புறமெங்கும் காசுகளைப் பதித்தாற்போன்ற சிற்றிலைப் பெரணி படர்ந்திருக்கும். இடையிடையே புறா ஆர்க்கிட் தொங்கும். பட்டையில் பாசி, பாசியினூடே எறும்பின் நெடுவரிசை. ஒரு மரத்தைக் காணச் சென்றவர் ஓர் ஊரையே கண்டு திரும்புவார்.

மலேசியத் தமிழ் எழுத்தில் மரத்திற்குப் பஞ்சமில்லை. தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்த இலக்கியம் மரமின்றி இயங்குதல் அரிது. எனினும் அங்கு நிற்கும் மரம் பெரும்பாலும் தனிமரமாகவே நிற்கிறது. மரம் உண்டு, மங்கு உண்டு, உளி உண்டு, வெட்டும் கை உண்டு. மரத்தின் மேலும் கீழும் உள்ளும் வாழ்வன மட்டும் இல்லை. இதனை அறிவியல் அறிவின் குறை என்று கூறி ஒதுக்கிவிடல் தகாது. இது பார்வையின் குறை. அப்பார்வை எங்கிருந்து வந்தது, அதனால் இழந்தது யாது என்பவை ஆராயத் தக்கன.

மரபு காட்டிய மரம்

தொல்காப்பியம் கருப்பொருளை வகுத்தபோது மரத்தைத் தனியே நிறுத்தவில்லை. தெய்வம், உணவு, விலங்கு, புள், பறை, தொழில், யாழ் ஆகியவற்றோடு ஒரே தொகுதியில் மரத்தையும் வைத்தது. ஒரு மரத்தின் பெயரைச் சொன்னால் அந்நிலத்தின் வாழ்க்கை முழுவதும் உடன் எழுந்து வரும் என்பது அவ்வமைப்பின் உட்கருத்து. சங்கப் புலவர் கண்ட சந்தனமரத்தில் மிளகுக்கொடி படர்ந்திருக்கும். நற்றிணைத் தலைவி ஒருத்தி, தன் தாய் விளையாட்டாக நட்டு வளர்த்த புன்னையைத் தமக்கையாகக் கருதி, அதன் நிழலில் தலைவனோடு நகையாட நாணுகிறாள். பறம்பின் கோமான் பாரி, கொழுகொம்பின்றித் தளர்ந்த முல்லைக்குத் தேரை ஈந்தான் என்னும் செய்தியை வள்ளன்மைக்கு எடுத்துக்காட்டாக மட்டுமே மாணவர்க்குக் கற்பிப்பது வழக்கம். கொடிக்கும் மரத்திற்கும் உள்ள உறவைக் கூர்ந்து கண்டறிந்த சமுதாயத்தில்தான் அப்படி ஒரு கதை தோன்ற இயலும் என்பதும் உடன் கற்பிக்கத் தக்கதாகும்.

காளானையும் அப்புலவர்கள் விட்டுவைக்கவில்லை. குமணனைப் பாடிய பெருந்தலைச் சாத்தனார், சமைத்தலையே மறந்துவிட்ட தம் வீட்டு அடுப்பில் காளான் பூத்துக் கிடப்பதைப் புறநானூற்றில் காட்டுகிறார். நெருப்புக் காணாத ஈர இடத்தில் மட்டுமே அது முளைக்கும் என்னும் நுண்ணறிவு அங்கு வறுமையின் சான்றாக மாறி நிற்கிறது. பசி என்ற சொல்லைப் பத்து முறை அடுக்கினாலும் எய்த இயலாத அழுத்தத்தை ஒரு சிறு காளான் எய்திவிடுகிறது.

பூவாமல் காய்க்கும் மரத்திற்குக் கோளி என்று பெயரிட்டனர் முன்னோர். ஆல், அத்தி போன்றவை பூவாமல் காய்க்கின்றன என்பது அவர்தம் எண்ணம். உண்மையில் அவற்றின் பூக்கள் காய் போன்ற உருண்டையின் உள்ளே மறைந்திருக்கின்றன. நுண்ணிய குளவி ஒன்று அதன் நுனித்துளை வழியே மகரந்தத்தோடு நுழைகிறது. பூக்களைச் சூலுறச் செய்து, அவற்றுள் சிலவற்றில் முட்டையிட்டு, பெரும்பாலும் அங்கேயே மடிகிறது. அதன் பெண்மக்கள் புதிய மகரந்தத்தைச் சுமந்து அடுத்த மரத்தைத் தேடிப் பறக்கின்றன. அத்தியினத்து மரங்கள் ஒவ்வொன்றுக்கும் பெரும்பாலும் அதற்கெனவே அமைந்த குளவியுண்டு. குளவியின்றி விதையில்லை, மரமின்றிக் குளவியில்லை. அத்திப் பழத்தைப் பிட்டால் அத்தனையும் சொத்தை என்று பழமொழி எள்ளி நகைப்பது இவ்வுறவைத்தான். கோளி என்று பெயரிட்டவர் குளவியின் பணியை அறிந்திலர். ஆயினும் ஏனைய மரங்களினும் அது வேறுபட்டது என்பதை உற்று நோக்கி, அவ்வியப்பிற்கு ஒரு சொல்லையும் ஆக்கி வைத்தனர். விடை பின்னர் வந்தது. வினா தமிழில் முன்னரே இருந்தது.

நிரையின் கண்

இம்மரபின் வழிவந்த எழுத்து, மலாயாவின் ரப்பர்த் தோட்டத்தில் மரத்தை எவ்வாறு கண்டது? மரம் சிந்தும் பாலைத் தொழிலாளி சிந்தும் குருதிக்கு ஒப்பிடுதல் இங்கு வழக்காகிவிட்ட உவமை. அது பொய்யான உவமை அன்று. உண்மைத் துயரிலிருந்து பிறந்தது. முதலில் சொன்னவர் நெஞ்சில் வெம்மை இருந்தது. ஆனால் தலைமுறை தலைமுறையாக எடுத்தாளப்பட்டு அது அச்சாகிவிட்டது. அவ்வச்சினுள் இடம்பெறுவன யாவை என எண்ணிப் பார்த்தல் வேண்டும்: மரம், வெட்டு, பால், மங்கு. தோட்டத்துக் கிராணியின் கணக்கேட்டில் இடம்பெற்றனவும் இவையே. எழுத்தாளன் உணர்ச்சியால் தொழிலாளியின் பக்கம் நிற்கிறான். கண்ணால் துரையின் பக்கம் நிற்கிறான். வருவாய் தருவதை மட்டும் காணும் கண் அது.

அக்கண்ணின் வரலாறு தெளிவானது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கப் பதிற்றாண்டுகளில், மரத்தடியில் ஒரு புல்லும் இல்லாத தோட்டமே சிறந்த தோட்டம் என்று தோட்ட முதலாளிகள் கருதினர். தமிழ்த் தொழிலாளரின் கைகள் தரையைச் சுரண்டி வெறுமையாக்கின. கொட்டும் மழை மேல்மண்ணை வாரிச் சென்றது. அது தவறு என்பது பின்னர் உணரப்பட்டு, அவரையினத்துக் கொடிகள் மூடுபயிராக விதைக்கப்பட்டன. அக்கொடிகளின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணுக்கு உரமாக்கித் தந்தன. மரத்தின் அடியில் பிற உயிர் இருத்தல் மரத்திற்கே நன்மை என்பதைத் தோட்டத்து வேளாண்மை கற்றுக்கொண்டது. இலக்கியம் மட்டும் இன்னும் புல் சுரண்டிய தரையிலேயே தன் மரத்தை நட்டுக்கொண்டிருக்கிறது.

தொழிலாளியின் வாழ்வுக்கும் ரப்பர் மரத்தின் வாழ்வுக்கும் உள்ள ஒப்புமை, குருதி உவமையைக் காட்டிலும் ஆழமானது. 1877ஆம் ஆண்டில் 22 நாற்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. அவற்றின் தாயகமான அமேசான் காட்டில் ரப்பர் மரம் நிரையாக நிற்பதில்லை. பிற மரங்களிடையே ஒன்றுக்கொன்று தொலைவில் சிதறி நிற்கும். காரணங்களுள் ஒன்று, இலையைக் கருக்கும் ஒரு பூஞ்சை. மரங்கள் நெருங்கினால் அது ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவிக் காட்டையே மொட்டையாக்கும். 1928இல் ஹென்றி ஃபோர்டின் நிறுவனம் பிரேசிலில் ஃபோர்ட்லாண்டியா என்னும் தோட்டத்தைத் தொடங்கி மரங்களை நெருக்கி நட்டது. பூஞ்சை அதை அழித்தது. 1945இல் அம்முயற்சி முற்றிலும் கைவிடப்பட்டது. மலாயாவிற்கு மரம் வந்தது, பூஞ்சை வரவில்லை. எனவேதான் இங்கு நிரை நிரையாக நட இயன்றது. நிரை இருந்ததனால்தான் ஆளுக்கு ஒரு வெட்டுக்காடு, விடியற்காலைப் பெரட்டு, லயத்து வீடு என்னும் வாழ்க்கை முழுவதும் அமைந்தது. பல்லாயிரம் தமிழர் கடல் கடந்து வந்ததற்குப் பஞ்சமும் கங்காணி முறையும் ஆங்கிலேயர் முதலீடும் காரணங்கள். ஒரு பூஞ்சையின் இன்மையும் அவற்றோடு சேர்த்து எண்ணத் தக்க காரணமாகும். தன் சுற்றத்தைப் பிரிந்து வந்த மரத்தைச் சுற்றத்தைப் பிரிந்து வந்த மனிதன் வெட்டினான். இவ்வுவமை கையெட்டும் தொலைவிலேயே இருந்தும் எழுத்தின் பொதுவழக்கில் இடம்பெறவில்லை.

வந்த இடத்திலும் மரம் தனித்திருக்கவில்லை. காட்டை வெட்டித் தோட்டமாக்கியபோது மண்ணுக்குள் விடப்பட்ட பழைய அடிக்கட்டைகளிலும் வேர்களிலும் வெள்ளை வேர்நோய்ப் பூஞ்சை காத்துக் கிடந்தது. புதிய மரத்தின் வேர் அவற்றைத் தொட்டதும் வெண்ணிறப் பூஞ்சையிழை ஏறிப் படர்ந்தது. மேலே இலை மஞ்சளாகும் முன்னரே கீழே வேர் அழுகியிருக்கும். 1925இல் நிறுவப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் ஆராய்ந்த நோய்களுள் இதுவும் ஒன்று. அழிக்கப்பட்ட காடு மண்ணுக்கடியில் தோட்டத்தைத் தொடர்கிறது என்பது ஒரு நாவலுக்குப் போதிய கருவாகும்.

இன்னும் ஒன்று. தோட்டத்து ரப்பர் மரம் பெரும்பாலும் ஒட்டுமரம். வேர் ஒரு மரத்தினது. மேலே வளர்வது வேறொரு மரத்தின் மொட்டினது. இரண்டும் கூடிய தழும்பு அடியில் தெரியும். தனிமரம் என்று பாடப்பட்ட மரம், பிறப்பிலேயே இரு மரம். ஓரிடத்து வேரும் வேறிடத்துக் கிளையுமாய் வாழும் மக்களுக்கு இதைவிட அண்மையான படிமம் வேறு எங்கே கிடைக்கும்?

புல்லுருவி என்னும் வசை

மரத்தின் மேல் வாழ்வனவற்றுள் தமிழ் எழுத்தில் அடிக்கடி தலைகாட்டுவது புல்லுருவி ஒன்றே. அதுவும் வசையாக. பிறர் உழைப்பை உறிஞ்சுவோரைப் புல்லுருவி என்பதும், மரத்தில் ஒட்டியிருக்கும் அனைத்தையும் புல்லுருவி எனக் கருதுவதும் பொதுவழக்கு. இது வெறும் சொற்பிழை அன்று. வேறு நாட்டிலிருந்து வந்து குடியேறியவரை ஒட்டுண்ணிகள் என இழிப்பது உலகின் பல மொழிகளில் நிகழ்ந்திருக்கிறது. வந்தேறி என்னும் சொல்லால் புண்பட்ட ஒரு சமுதாயம், தன் சொல்லாட்சியில் இவ்வேறுபாட்டைக் காவாது விடுதல் கூடாது.

புல்லுருவி மரத்தின் திசுவினுள் உறிஞ்சுறுப்பைச் செலுத்தி நீரையும் உப்பையும் கவர்வது. பெரணியும் ஆர்க்கிட்டும் அவ்வாறல்ல. அவை மரத்தைப் பற்றிக்கொள்கின்றன, மரத்தை உண்பதில்லை. தம் உணவைத் தாமே ஆக்குகின்றன. பறவைக்கூட்டுப் பெரணி மேலிருந்து விழும் சருகுகளைத் தன் நடுவில் ஏந்தி, மக்கச் செய்து, வானத்தில் ஒரு பிடி மண்ணை உண்டாக்குகிறது. அம்மண்ணில் எறும்பும் வண்டும் பூரானும் குடியேறுகின்றன. சபாவின் டானும் பள்ளத்தாக்குக் காட்டில் இப்பெரணிகளைக் கீழிறக்கி ஆராய்ந்து 2004இல் வெளியிடப்பட்ட ஆய்வு, காட்டின் விதானத்தில் வாழும் சிற்றுயிர்களின் மொத்த எடையைப் பற்றிய பழைய மதிப்பீட்டை ஏறக்குறைய இருமடங்காக்கியது. இதனை உறிஞ்சி என்று இகழ்வது எவ்வகையிலும் பொருந்தாது.

யார் விருந்தினர், யார் வீட்டுக்காரர் என்னும் வினாவும் இங்கு எழும். தூங்குமூஞ்சி மரம் வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. அதன்மேல் வீடு கட்டியிருக்கும் பெரணி இம்மண்ணுக்கு உரியது. வந்த மரம், இருந்த செடிக்கு இடம் தந்து நிற்கிறது.

எனினும் திறனாய்வாளர் ஒரு பக்கம் மட்டும் பேசுதல் நேர்மை ஆகாது. பெரணியின் சுமை பெருகிப் புயலில் கிளை முறிவதும் உண்டு. பறவையின் எச்சத்தில் வந்த ஆலமர விதை அக்கவட்டிலேயே முளைத்து, வேரை இறக்கி, தாங்கிய மரத்தையே இறுக்கிக் கொல்வதும் உண்டு. புல்லுருவியோ எனின், அதன் கனியை உண்டு வாழும் சிறு பறவைகளுக்கு அதுவே அன்னசாலை. மரத்தின் சுற்றம் நல்லோர், தீயோர் என இரண்டு வரிசையில் நிற்பதில்லை. அதனை ஒற்றுமைக்கு ஒரு புதிய மேடைச் சின்னமாக்கிவிட்டால், பழைய அச்சுக்குப் பதில் புதிய அச்சு வந்ததாகவே முடியும்.

தென்னமரம் தந்த பாடம்

சிலாங்கூரில் கோலசிலாங்கூர் மாவட்டத்தில் தென்னமரம் என்றொரு தோட்டம் உண்டு. 1917இல் ஹென்றி ஃபோகோனியே என்னும் பிரெஞ்சுக்காரர் அங்குச் செம்பனையை வணிக நோக்கில் நட்டார். மலேசியாவில் அதுவே முதல் முயற்சி. பின்னாளில் மலாயாவைப் பற்றி அவர் எழுதிய நாவல் 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. ஆப்பிரிக்கச் செம்பனையில் பெயர்பெற்ற அத்தோட்டத்தின் பெயரில் தமிழரின் தென்னை நிற்கிறது. அறியாததை அறிந்ததன் பெயரால் அழைப்பது வந்தவர் அனைவர்க்கும் இயல்பு.

அச்செம்பனையிலும் சொல்லப்படாத கதை ஒன்று உள்ளது. மரம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தபோது அதன் பூவைச் சூலுறச் செய்யும் வண்டு உடன் வரவில்லை. ஆகவே தோட்டங்களில் தொழிலாளர் மகரந்தத்தைத் தம் கையால் பூக்குலைகளில் தூவ வேண்டியிருந்தது. 1981இல் கேமரூன் நாட்டிலிருந்து அச்சிறு வண்டு கொணரப்பட்டு விடப்பட்டது. சில மில்லிமீட்டர் அளவேயுள்ள அவ்வண்டு அவ்வேலையை மனிதர் கையிலிருந்து வாங்கிக்கொண்டது. ஒரு பூச்சியால் வேலை மாறிய கைகளைப் பற்றிய சிறுகதை, இயந்திரத்தால் வேலை இழந்தவரைப் பற்றிய கதைகளுக்குச் சற்றும் குறைந்ததாக இராது. செம்பனையின் தண்டில் எஞ்சிநிற்கும் மட்டையடிகளில் செழிக்கும் பெரணிகளும், அடித்தண்டை அழுகச் செய்யும் கனோடெர்மா என்னும் காளானும் அதே கதையின் பிற மாந்தர்கள்.

ஓர் எதிர்வாதம்

இலக்கியம் தாவரநூல் அன்று. மனிதன் துன்புறும்போது பெரணியைப் பார்த்துக்கொண்டிருத்தல் தகுமோ என்று வினவுவார் உளர். வினா நேரியது. விடை பெருந்தலைச் சாத்தனாரிடம் இருக்கிறது. தம் குழந்தை பசியால் வாடும் வீட்டில் நின்றுகொண்டுதான் அவர் அடுப்பின் காளானைக் கண்டார். காளானைக் கண்டதால் பசியை மறந்துவிடவில்லை. பசியைப் பிறர் மறவாதபடி செய்தார். நுணுக்கமாகக் காண்பது துயரத்திலிருந்து விலகுவது என்பது பிழையான எண்ணம்.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956 முதல் இந்திய ஆய்வியல் துறை தமிழைப் பயிற்றுகிறது. அதே பல்கலைக்கழகத்திற்கு உலு கோம்பாக் காட்டில் ஒரு கள ஆய்வு நிலையமும் உண்டு. அக்காட்டில் மகாங் என்று மலாய்க்காரர் அழைக்கும் மரங்களுள் சில, உள்ளே கூடான தண்டில் எறும்புகளுக்கு இடமளித்து, வெண்ணிற உணவுமணிகளையும் ஊட்டுகின்றன. எறும்புகள் இலையுண்ணும் புழுவை விரட்டுகின்றன. பற்ற வரும் கொடியின் நுனியைக் கடித்தெறிகின்றன. பாரி தேர் ஈந்த கொடிக்கு இம்மரத்தில் இடமில்லை. முல்லைக்கொடியைப் பாடமாகப் படிக்கும் மாணவன் இம்மரத்தையும் ஒருமுறை கண்டால், பாடத்தின் பொருள் அவனுக்குச் சுருங்காது, விரியும்.

இது விரைந்து செய்யவேண்டிய பணி. பிராங் பெசார் தோட்டம் 1990களில் புத்ராஜெயா நகரமாயிற்று. சுங்கை பூலோவிலிருந்த ரப்பர் ஆராய்ச்சி நிலத்திலும் புதிய நகர் எழுகிறது. மரம் வெட்டப்படும்போது மரம் மட்டும் வீழ்வதில்லை. அதன்மேல் அமைந்த ஊரும் வீழ்கிறது. தோட்டத்து மக்கள் அடுக்ககங்களுக்குப் பெயர்ந்தபோது, நிழல் தந்த மரத்தடிக் கோயிலும் அண்டை அயலும் கலைந்ததை எழுதியவர்கள் பலர். அம்மரத்தில் கலைந்த மற்றொரு குடியிருப்பை எழுதியவர்கள் மிகச் சிலரே.

ஆசிரியர் செய்யத்தக்கது எளிது. பள்ளித்திடலில் ஒரு மரம் இல்லாமற் போகாது. ‘மரம்’ என்று கட்டுரைத் தலைப்புக் கொடுத்து, பயன்களை வரிசைப்படுத்தச் சொல்வதற்கு முன், மாணவரை அதனடியில் நிறுத்தி, அதில் வாழ்வனவற்றை எண்ணச் சொல்லலாம். பெருமழை பெய்து வெப்பம் தணிந்து ஏறத்தாழ ஒன்பது நாள் கழிந்தபின், வட்டாரத்திலுள்ள புறா ஆர்க்கிட்டுகள் யாவும் ஒரே நாளில் வெண்மையாகப் பூக்கும், மறுநாளே வாடிவிடும். தூசினும் நுண்ணிய அதன் விதை, உதவும் பூஞ்சை ஒன்று கிட்டினாலன்றி இயற்கையில் முளைவிடாது. மழை பெய்த நாளைக் குறித்து வைத்து, பூத்த நாளில் அண்ணாந்து பார்க்கும் ஒரு மாணவன், தனிமரம் என்று எழுதுமுன் சற்றே தயங்குவான். அத்தயக்கத்திலிருந்தே நல்ல எழுத்துத் தொடங்கும்.